தபாலில் ஆடும் ஆட்டங்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

உவர்மலையில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு சதுரங்கப் பலகை எப்போதும் விரித்தபடியே இருக்கும். அதற்கு எதிரே ஒருவரும் உட்காருவதில்லை. எதிராளி மட்டக்களப்பில் இருக்கிறார், என் மச்சான். தபால்காரர் வந்துபோன நாளில் கறுப்புக் காய் ஒன்று நகரும். இரண்டு மூன்று நாள் கழித்து நான் வெள்ளையை நகர்த்தி, ஒரு தபாலட்டை எழுதி, பெட்டியில் போடுவேன். ஒரு ஆட்டம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

போனில் பத்து நிமிடத்தில் ஆடி முடிக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆடலாம், நானும் ஆடுகிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நிலையை நாம் பார்ப்பது சில விநாடிதான். தபால் ஆட்டத்தில் அதே நிலை ஒரு கிழமை நம்மோடு வாழும். மீன் வாங்க நிற்கும்போது அந்தக் குதிரை நினைவுக்கு வரும், கோணேசர் கோயில் படியேறும்போது அந்தக் கோட்டைக்கு ஒரு வழி தெரியும். இந்தச் சுகத்தை வேறெந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை.

தொடங்குபவர்களில் பலர் நாலு அட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆடத் தெரியாமல் நிறுத்துவதில்லை, கணக்கு வைக்கத் தெரியாமல் நிறுத்துகிறார்கள். இந்த ஆட்டத்தில் மூளைக்கு முன்னால் கொப்பி வர வேண்டும். அதனால் கீழே நான் சொல்வதில் பாதிக்கு மேல் எழுதி வைப்பது பற்றித்தான்.

முதலில் ஆளும் ஆட்டமும்

எதிராளியை வெளியே தேட வேண்டாம். வேலை மாறிப் போன நண்பர், கலியாணம் முடித்து வவுனியா போன அக்கா, கூடப் படித்தவர் என்று ஒருவர் எப்படியும் இருப்பார். அவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை, பதில் போடுகிறவராக இருந்தால் போதும்.

ஆட்டத்தைத் தெரிவதற்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். தாயக்கட்டை அல்லது பகடை வேண்டுமா? கையில் மறைத்து வைக்கும் சீட்டு உண்டா? ஒரு நகர்வை ஒரே வரியில் எழுத முடியுமா? முதல் இரண்டுக்கும் இல்லை, மூன்றாவதுக்கு ஆம் என்று வந்தால் அது தபாலுக்கென்றே பிறந்த ஆட்டம். சதுரங்கம், ஆடுபுலி, பல்லாங்குழி மூன்றும் இந்தச் சோதனையில் தேறும். சீட்டாட்டத்தை விட்டுவிடுங்கள்.

சதுரங்கத்துக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1824 முதல் 1828 வரை லண்டன் கழகமும் எடின்பரோ கழகமும் கடிதம் மூலமே மோதின, எடின்பரோ வென்றது. அந்தப் போட்டியில் வந்த ஒரு தொடக்கம்தான் இன்றைக்கும் ‘ஸ்கொட்ச்’ ஆட்டம் என்று அழைக்கப்படுகிறது. 1951இல் சர்வதேச தபால் சதுரங்கக் கூட்டமைப்பு உருவானது. முதல் உலகத் தபால் சதுரங்கச் சாம்பியன் அவுஸ்திரேலியாவின் செசில் பர்டி.

நகர்வை எண்ணில் எழுதுதல்

அந்தக் கூட்டமைப்பு பயன்படுத்தும் எண் முறையையே நீங்களும் பழகுங்கள். மொழி தேவையில்லை, காயின் பெயர் தேவையில்லை. பலகையில் வெள்ளைக் காய் ஆடுபவரின் இடது பக்கத்திலிருந்து வலமாக நிரல்களுக்கு 1 முதல் 8, கீழிருந்து மேலாக வரிசைகளுக்கு 1 முதல் 8. ஒரு கட்டத்துக்கு இரண்டு இலக்கம்: முதலில் நிரல், பிறகு வரிசை. புறப்படும் கட்டமும் சேரும் கட்டமும் சேர்ந்து நாலு இலக்கம்.

வெள்ளை அரசனுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254. கறுப்பும் அதையே செய்தால் 5755. வெள்ளையின் வலப்பக்கக் குதிரை வெளியே வந்தால் 7163. கறுப்பின் குதிரை பதிலுக்கு 2836. அடுத்து வெள்ளை 4244 என்று நடுச் சிப்பாயைத் தள்ளினால், சற்றுமுன் சொன்ன ஸ்கொட்ச் ஆட்டம் உங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

கோட்டை கட்டும்போது, அதாவது அரசனும் கோட்டையும் ஒரே நகர்வில் இடம் மாறும்போது, அரசனின் நகர்வை மட்டும் எழுதினால் போதும். வெள்ளைக்கு வலப்பக்கம் 5171, இடப்பக்கம் 5131. கறுப்புக்கு 5878, 5838. சிப்பாய் கடைசி வரிசையை அடைந்து வேறு காயாக மாறினால் ஐந்தாவதாக ஒரு இலக்கம் சேரும்: 1 ராணி, 2 கோட்டை, 3 மந்திரி, 4 குதிரை. 57581 என்றால் சிப்பாய் ராணியாகிவிட்டது.

அட்டையில் என்ன இருக்க வேண்டும்

என் மூன்றாவது அட்டை ஒன்றை அப்படியே தருகிறேன்:

ஆட்டம் 1, அட்டை 3
உங்கள் 2ஆம் நகர்வு: 2836
என் 3ஆம் நகர்வு: 4244 (நாற்பத்திரண்டு, நாற்பத்துநாலு)
நீங்கள் 5544 ஆடினால்: 6344
உங்கள் அட்டை கிடைத்தது: மார்ச் 4
பதில் போட்டது: மார்ச் 7
எடுத்த நாள்: 3. இதுவரை மொத்தம்: 5

எதிராளியின் கடைசி நகர்வைத் திரும்ப எழுதுவது வீண் வேலையாகத் தோன்றும். ஒரு மாரி காலத்தில்தான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. நான் ராணியை 6365 என்று நகர்த்தி, ஜெல் பேனையால் எழுதி அனுப்பினேன். அட்டை நனைந்து, இரண்டாவது 6இன் மேல்பக்கம் ஊறி ஒட்டிக்கொண்டது. மச்சானுக்கு அது 6385 ஆகத் தெரிந்தது. ராணிக்கு அந்த இரண்டு வழியும் திறந்திருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. 7776 என்று சிப்பாயைத் தள்ளி என் ராணியை மிரட்டியிருந்தார். அந்தச் சிப்பாய் இரண்டு கட்டத்தையும் தாக்கும் என்பதால், வெறும் 7776 மட்டும் வந்திருந்தால் நானும் ஒன்றும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இரண்டு வீட்டில் இரண்டு வேறு பலகை, பல மாதம் அப்படியே ஓடியிருக்கும். அவர் மேலே ‘உங்கள் நகர்வு: 6385’ என்று திரும்ப எழுதியிருந்ததால் ஒரே பார்வையில் பிடிபட்டது. அவருடைய நகர்வை இருவரும் விலக்கிவிட்டு, சரியான நிலையிலிருந்து தொடர்ந்தோம்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். காசோலையில் தொகையை எழுதுவதுபோல நகர்வை எழுத்தாலும் எழுதுவேன். இலக்கமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். பிறகு, சாதாரண போல்பொயின்ட் பேனை மட்டும்தான். கார்த்திகை, மார்கழி மழையில் ஜெல் மை நிற்காது.

அட்டையின் தலைப்பில் ‘சதுரங்க ஆட்டம்’ என்று தெளிவாக எழுதுங்கள். வெறும் எண்கள் நிறைந்த தபால் பார்ப்பவருக்குச் சங்கேதம் போலத்தான் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில நாடுகளின் தணிக்கைக்காரர்கள் இந்தக் காரணத்துக்காகவே தபால் சதுரங்கத்தைத் தடுத்தார்கள். எங்கள் ஊரிலும் யுத்த காலத்தில் என் சித்தப்பா சட்டைப் பையில் அப்படியொரு அட்டையோடு சோதனைச் சாவடியில் நின்றிருக்கிறார். குந்தியிருந்து மணலில் எட்டுக்கு எட்டுக் கட்டம் கீறி, எண்கள் எங்கே போகின்றன என்று காட்டிய பிறகுதான் விட்டார்களாம். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, நடுவில் மடித்த கோட்டோடு.

நாட்கணக்கு

பழைய தபால் போட்டிகளில் வழக்கமாக இருந்த கணக்கு 10 நகர்வுக்கு 30 நாள். தபால் பயணிக்கும் நாள் இதில் சேராது. அட்டை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் பதில் போட்ட நாள் வரைதான் உங்கள் நேரம். 4ஆம் திகதி கிடைத்து 7ஆம் திகதி போட்டால் 3 நாள். முதல் பத்து நகர்வில் மிச்சம் பிடித்த நாட்கள் அடுத்த பத்துக்குப் போய்ச் சேரும். எளிதான நகர்வுக்கு அன்றே பதில் போட்டு, சிக்கலான இடத்தில் பத்து நாள் யோசிக்க இது இடம் தருகிறது. புதிதாகத் தொடங்கும் இருவருக்கு இதைவிட நல்ல கணக்கு இல்லை.

மொத்தமாக எவ்வளவு காலம் பிடிக்கும்? என் நகர்வும் அவர் பதிலும் ஒரு சுற்றுச் சுற்றி வர எங்களுக்குப் பத்து நாள் போகிறது. 40 நகர்வு ஆட்டம் என்றால் 400 நாள். செலவையும் பாருங்கள். 2022 ஆகஸ்டில் சாதாரண உள்நாட்டுக் கடிதத்தின் முத்திரை 50 ரூபாவானது. அந்தக் கணக்கில் 40 கடிதத்துக்கு ஒருவருக்கு 2000 ரூபா. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆடுங்கள், ஒன்றில் நீங்கள் வெள்ளை, மற்றதில் அவர் வெள்ளை. இரண்டு நகர்வும் ஒரே தாளில் போகும், செலவு பாதியாகும், யார் வெள்ளை என்ற பேச்சும் இல்லை.

முத்திரையை வீட்டில் ஒட்டிப் பெட்டியில் போடலாம். திகதி பற்றி வாக்குவாதம் வரக்கூடிய கட்டத்தில் மட்டும் தபாற்கந்தோருக்கே போய், திகதி முத்திரையைத் தெளிவாகக் குத்தித் தரும்படி கேளுங்கள். முகவரியில் தபால் குறியீட்டை விடாதீர்கள். திருகோணமலைக்கு 31000.

‘இப்படி ஆடினால் இப்படி’

மேலே என் அட்டையில் ‘நீங்கள் 5544 ஆடினால் 6344’ என்று ஒரு வரி இருந்ததே, காலத்தையும் காசையும் மிச்சப்படுத்தும் வரி அது. எதிராளிக்கு வேறு வழி இல்லை, அல்லது அநேகமாக இதைத்தான் ஆடுவார் என்று தெரியும்போது, அதற்கு உங்கள் பதிலையும் முன்கூட்டியே எழுதிவிடுகிறீர்கள். அவர் சம்மதித்தால் 5544, 6344 இரண்டையும் எழுதி, அதற்கு மேல் தன் அடுத்த நகர்வையும் போட்டு அனுப்புவார். ஒரு சுற்று மிச்சம்.

ஆனால் ‘நீங்கள் எதை ஆடினாலும்’ என்று எழுதாதீர்கள். எதை ஆடினாலும் என்பதில் உங்கள் ராணியை வெட்டுவதும் அடங்கும். குறிப்பிட்ட நகர்வுக்குக் குறிப்பிட்ட பதில், அவ்வளவுதான். எழுதிய நிபந்தனை உங்களைக் கட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பெட்டிக்குள் விழுந்த நகர்வு ஆடிய நகர்வு. அடுத்த நாள் ஓடிப்போய் இன்னொரு அட்டை போட்டு மாற்ற முடியாது.

வீட்டுக் கொப்பி

கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று வாங்கி, ஒரு ஆட்டத்துக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் நகர்வு எண், வெள்ளை, கறுப்பு, கிடைத்த திகதி, போட்ட திகதி, மொத்த நாள். வலப்பக்கத்தில் நீங்கள் யோசித்ததை எழுதுங்கள். ‘குதிரையை இப்போது வெட்டினால் மந்திரி வழி திறக்கும், அவசரம் வேண்டாம்’ என்பதுபோல. பத்து நாள் கழித்து அடுத்த அட்டை வரும்போது, முன்பு எதைத் திட்டமிட்டோம் என்பது சுத்தமாக மறந்திருக்கும். அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும்.

பலகை இரண்டு வேண்டும். ஒன்றில் உண்மையான நிலை, அதைத் தொடக் கூடாது. மற்றதில் ஆடிப் பார்க்கலாம். ஒரே பலகையில் யோசித்து, திரும்ப வைக்கும்போது சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைத்து, சட்டத்துக்கு மாறான நகர்வை அனுப்பியவர்கள் நிறையப் பேர். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஐந்து நகர்வுக்கு ஒருமுறை நிலையைக் கொப்பியில் கீறி வையுங்கள்.

அட்டை வராவிட்டால்

வழக்கமான சுற்றுக்கு இரண்டு மடங்கு நாள் பொறுங்கள். எங்களுக்கு அது இருபது நாள். பிறகு கடைசி அட்டையின் முழுப் பிரதியையும் ‘பிரதி’ என்று மேலே குறித்து, பழைய திகதியோடு அனுப்புங்கள். நகர்வை மாற்றக் கூடாது. முதல் அட்டை பிந்தி வந்து சேர்ந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வெள்ளம், வீதி தடை, தபால் ஓடாத நாட்கள் எல்லாவற்றுக்கும் கடிகாரம் நிற்கும் என்று முதல் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சுகயீனத்துக்கும் பரீட்சைக்கும் வருடத்துக்கு முப்பது நாள் விடுமுறை வைத்திருக்கிறோம்.

ஆடுபுலியும் பல்லாங்குழியும்

எனக்குச் சதுரங்கத்துக்குச் சமமாகப் பிடித்தது ஆடுபுலி. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. பகடை இல்லை, ஒளிவுமறைவு இல்லை. ஆனால் எண் முறை நாமேதான் உண்டாக்க வேண்டும். ஒரு தாளில் பலகையைக் கீறி, உச்சிப் புள்ளியை 1 என்று வைத்து, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக 23 வரை எண் போட்டு எதிராளிக்கு அனுப்புங்கள். அவர் அதைப் பார்த்துக் கீறித் தன் பிரதியை உங்களுக்கு அனுப்பட்டும். இரண்டு தாளையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் ஆடு. இந்த ஒரு சுற்றைச் சோம்பலில் தாண்டினால் பிறகு எல்லாம் குழம்பும்.

‘ஆ 14’ என்றால் ஆடு 14இல் இறங்கியது. ‘பு 3-9’ என்றால் புலி நகர்ந்தது. வெட்டினால் ‘பு 3-15, வெட்டு 9’ என்று வெட்டிய புள்ளியையும் எழுத வேண்டும். பதினைந்து ஆடும் இறங்கும்வரை ஆடுகள் நகரக் கூடாது என்பது பொது விதி. ஒவ்வொரு அட்டையிலும் ‘இறங்கியது 9, வெட்டுப்பட்டது 1, பலகையில் 8’ என்று ஒரு வரி சேருங்கள்.

அதே சரிபார்ப்பு பல்லாங்குழியில் இன்னும் அழகாக வேலை செய்யும். குழிக்கு ஐந்து முத்து என்று தொடங்கினால் 14 குழிக்கு 70 முத்து. நகர்வாக ஒரே ஒரு எண்தான் எழுத வேண்டும், எந்தக் குழியிலிருந்து அள்ளினீர்கள் என்று. அதோடு ஆடி முடிந்த பிறகு 14 குழியிலும் உள்ள முத்தையும், இருவர் கையிலும் உள்ளதையும் எழுதுங்கள். கூட்டினால் 70 வர வேண்டும். 69 வந்தால் அனுப்பாதீர்கள், எங்கோ ஒரு முத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வீடு விதி மாறும் ஆட்டம் இது என்பதால், எப்போது அள்ளலாம், எப்போது நிற்க வேண்டும் என்பதை முதல் கடிதத்திலேயே இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். எங்கள் அம்மம்மாவும் மச்சானின் அம்மம்மாவும் ஆடிய ஆட்டம் ஒன்றல்ல என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தாயக்கட்டை வேண்டுமென்றால்

தபாலில் நான் உருட்டியதை நீங்கள் பார்க்க முடியாது. அதற்கு லொத்தர் சீட்டிழுப்பு உதவும். மகாஜன சம்பத போல வெற்றி எண்ணை ஒற்றை இலக்கங்களாக வெளியிடும் ஒரு லொத்தரைத் தெரியுங்கள். ‘15ஆம் திகதிச் சீட்டிழுப்பு, இடமிருந்து வலம்’ என்று அந்த நாள் வருமுன்பே, இருவர் கையிலும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு முகப் பகடைக்கு 1 முதல் 6 வரையான இலக்கங்களை மட்டும் எடுங்கள், 0, 7, 8, 9 வந்தால் தாண்டுங்கள். பித்தளைத் தாயக்கட்டைக்கு 8, 9 இரண்டையும் விட்டுவிட்டு மற்றதை 4ஆல் வகுத்து மீதியை எடுங்கள், 0 முதல் 3 வரை சமமாக வரும். இரண்டு கட்டைக்கு இரண்டு இலக்கம், கூட்டினால் விழுந்த எண். இரண்டும் 0 என்றால் 12.

வழி இருந்தாலும் தாயத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும், ஒரு நகர்வுக்கே பல நாள் சீட்டிழுப்பு தேவைப்படும். தாயத்தின் உயிர் அந்தக் கட்டை சிமெந்துத் தரையில் உருளும் சத்தத்தில் இருக்கிறது, அதைக் கடித உறைக்குள் போட முடியவில்லை.

ஒளித்து வைக்கும் ஆட்டங்களில் கப்பல் தாக்கும் ஆட்டம் மட்டும் முடியும். உங்கள் கப்பல்கள் நிற்கும் வரைபடத்தை உறையில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திட்டு, ஆட்டம் தொடங்கும்போதே எதிராளியிடம் கொடுத்துவிடுங்கள். அவருடையது உங்களிடம். கடைசியில் பிரித்துப் பார்க்கலாம்.

ஏழு பேர் என்றால் டிப்ளோமசி

அலன் கல்ஹாமர் என்ற அமெரிக்கர் உருவாக்கி 1959இல் வெளியிட்ட ஆட்டம் இது. அவர் பிற்காலத்தில் தபால்காரராகவே வேலை செய்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1963இலிருந்து இதைத் தபாலில் ஆடி வருகிறார்கள். முதலாம் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், 34 விநியோக மையங்கள். 18 மையத்தைப் பிடித்தவர் வெல்வார். பகடை கிடையாது. எல்லோரும் கட்டளைகளை எழுதிக் கொடுக்க, எல்லாம் ஒரே நேரத்தில் நிறைவேறும். அதனால் எட்டாவதாக, ஆடாத ஒருவர் நடுவராக வேண்டும். கடிதங்களைத் திறந்து, மோதல்களைத் தீர்த்து, முடிவை ஏழு பேருக்கும் அனுப்புவது அவர் வேலை. உங்கள் வட்டத்தில் மிகவும் ஒழுங்கான ஆளை அதற்குப் பிடியுங்கள், மிகவும் கெட்டிக்கார ஆளை அல்ல.

ஆட்டம் 1901 வசந்தத்தில் தொடங்கும், வருடத்துக்கு வசந்தம், இலையுதிர் என இரண்டு நகர்வுக் காலம். கட்டளை ‘படை பாரிஸ் – பேர்கண்டி’, ‘படை மார்செய், பாரிஸ் – பேர்கண்டிக்கு ஆதரவு’ என்ற மாதிரி இருக்கும். ஒரு காலத்துக்கு ஒரு மாதக் கெடு வையுங்கள். அதற்குள் கிண்ணியாவிலிருக்கும் துருக்கி, மூதூரிலிருக்கும் ரஷ்யாவுக்கு எழுத வேண்டும், மூதூர் ரஷ்யா அதே கிழமையில் ஒஸ்ரியாவுக்கு வேறு வாக்குறுதி கொடுக்க வேண்டும். இந்தக் கடிதங்கள்தான் ஆட்டம். கெடுவுக்குள் கட்டளை வராவிட்டால் அந்த நாட்டின் படைகள் நின்ற இடத்திலேயே நிற்கும், வேறு தண்டனை தேவையில்லை. முழுதாக ஆட இரண்டு வருடம் பிடிக்கலாம் என்று ஏழு பேரிடமும் முதலே சொல்லிவிடுங்கள். நடுவில் ஒருவர் விலகினால் மற்ற ஆறு பேரின் உழைப்பும் கெடும்.

கணினி

சர்வதேசக் கூட்டமைப்பின் ஆட்டங்களில் கணினி உதவி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. விளைவு, உயர் மட்டப் போட்டிகளில் பெரும்பாலானவை சமநிலையில் முடிகின்றன. நீங்கள் இருவரும் என்ன செய்கிறீர்கள் என்பதை முதல் கடிதத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். நாங்கள் புத்தகம் பார்க்கலாம், கணினி கூடாது என்று வைத்திருக்கிறோம். கண்காணிக்க வழி இல்லை, வாக்குத்தான்.

முடிக்கும் விதம்

தோல்வி நிச்சயம் என்றால் இழுக்காதீர்கள். செக்மேட் வரை ஆடினால் இருவருக்கும் இன்னும் இரண்டு மாதமும் முத்திரைக் காசும் போகும். ‘விடுகிறேன்’ என்று எழுதுங்கள். சமநிலை கேட்பதானால் ஒரு நகர்வோடு சேர்த்துக் கேளுங்கள், அவர் மறுத்தாலும் சுற்று வீணாகாது.

பிறகு ஒரு நீண்ட கடிதம் எழுதுங்கள், இதற்கு அட்டை போதாது. கொப்பியின் வலப்பக்கத்தில் எழுதியதையெல்லாம் எதிராளிக்குக் காட்டும் நேரம் இது. எங்கே பயந்தீர்கள், எந்த நகர்வை அவர் ஆடாமல் விட்டதற்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டீர்கள் என்று. போன ஆட்டத்தில் நான் ஒரு கிழமை முழுக்க அஞ்சிய கோட்டை நகர்வை மச்சான் நினைத்தே பார்க்கவில்லையாம். அவர் கடிதம் ஆறு பக்கம். கடைசித் தாளின் அடியில், தனியாக ஒரு கோடு போட்டு, ‘ஆட்டம் 9, அட்டை 1: 4244 (நாற்பத்திரண்டு, நாற்பத்துநாலு)’ என்று எழுதியிருந்தார்.